‘தா’ என்று கேட்டவர்

1932 டிசம்பரில் மெரினா கடற்கரையில் நடந்த ஒரு கூட்டத்தில் ஐம்பத்து நான்கு வயதுப் பெண்மணி ஒருவர் எழுந்து, அரசின் அவசரச் சட்டங்களை எதிர்த்துப் பேசினார். பேச்சுரிமையைப் பறிக்கும் சட்டம் அது. அதைப் பற்றிப் பேசினாலே கைதாக நேரும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் பேசினார். கைதானார், ஓராண்டுத் தண்டனை, வேலூர்ப் பெண்கள் சிறை. அதற்குச் சுமார் பத்தாண்டுகளுக்கு முன்னால் இதே சென்னை மாகாண அரசு அவரைச் சைதாப்பேட்டையில் கௌரவ மாஜிஸ்திரேட்டாக நியமித்திருந்தது. இந்தியாவில் அந்தப் பதவியில் அமர்ந்த முதல் பெண் அவர். நீதி வழங்க நாற்காலி போட்டுக் கொடுத்த அரசே அவரைக் கம்பிக்குப் பின்னால் உட்கார வைத்தது. இதில் அவருக்குப் பெரிய அதிர்ச்சி இருந்திருக்காது. அது அவருடைய மூன்றாவது சிறை.

மார்கரெட் கசின்ஸ் என்று வகுப்பில் சொன்னால் மாணவிகளில் ஒருவரோ இருவரோ தலையசைப்பார்கள். ‘ஜன கண மன’வுக்கு மெட்டு எழுதியவர்தானே என்பார்கள். அது உண்மைதான், ஆனால் ஒரு சின்னத் திருத்தத்துடன். 1919 பிப்ரவரியில் மதனப்பள்ளிக் கல்லூரிக்கு வந்திருந்த தாகூர் அந்தப் பாடலைப் பாடிக் காட்டினார். அந்த மெட்டை மேற்கத்திய இசைக் குறிப்பில் எழுதி வைத்து, மாணவர்கள் சேர்ந்து பாடும்படி அமைத்தவர் மார்கரெட். பொது அறிவுப் புத்தகத்தில் ஒற்றை வரிக் கேள்வியாக எஞ்சியிருப்பது இது மட்டுமே. ஒரு பெண் எழுபத்தைந்து ஆண்டு வாழ்ந்து, இரண்டு நாடுகளில் இயக்கம் கட்டி, மூன்று சிறை பார்த்திருக்கிறார். அவரிடமிருந்து நாம் எடுத்து வைத்துக்கொண்டது ஒரு மகாகவியின் பாட்டுக்கு அவர் செய்த எழுத்து வேலையை.

நம் வரலாற்று நூல்களில் எனக்கு நெடுநாளாக உறுத்தும் ஒரு வினைச்சொல் உண்டு. “1921இல் சென்னை மாகாணப் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கப்பட்டது.” வழங்கியவர் யார் என்பதில்தான் சண்டை. நீதிக்கட்சி வழங்கியது என்று ஒரு தரப்பு. அன்னி பெசன்ட் அம்மையார் பெற்றுத் தந்தார் என்று இன்னொரு தரப்பு. மான்டேகு–செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின் கருணை என்று பழைய பாடநூல்கள். எல்லாருடைய வாக்கியத்திலும் பெண் நான்காம் வேற்றுமையில் கைநீட்டி நிற்கிறாள்.

கேட்பதற்கான சொற்களைத் தொல்காப்பியர் மூன்றாகப் பிரித்தார். தாழ்ந்தவர் உயர்ந்தவரிடம் கேட்கையில் ‘ஈ’. ஒத்தவர் ஒத்தவரிடம் கேட்கையில் ‘தா’. உயர்ந்தவர் தாழ்ந்தவரிடம் கேட்கையில் ‘கொடு’. அந்தச் சமூகப் படிநிலையை ஏற்க வேண்டியதில்லை. ஆனால் கேட்பவர் எங்கே நின்று கேட்கிறார் என்பது சொல்லிலேயே தெரிந்துவிடும் என்ற கவனிப்பு கூர்மையானது. 1917இல் சென்னையில் பெண்கள் எழுதிய மனு எந்தச் சொல்லில் கேட்டது என்பதைப் பார்க்க, அதை எழுதும் பக்குவம் மார்கரெட்டுக்கு எங்கே வாய்த்தது என்று முதலில் பார்க்க வேண்டும்.

அயர்லாந்தின் ராஸ்காமன் கோட்டத்தில் பாயில் என்ற சிற்றூரில் 1878 நவம்பர் 7 அன்று பிறந்தார். மார்கரெட் எலிசபெத் கில்லெஸ்பி. நெருங்கியவர்களுக்கு கிரெட்டா. புராட்டஸ்டன்ட் குடும்பம், நிறையப் பிள்ளைகள், இவர் மூத்தவர். வீட்டில் மூத்த பெண்ணாகப் பிறந்தவர்களுக்கு அந்த இடம் எப்படிப்பட்டது என்று நான் சொல்லத் தேவையில்லை. டப்ளினில் இசை படித்து 1902இல் இசையில் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸை மணந்தார். 1908இல் ஹன்னா ஷீஹி–ஸ்கெஃபிங்டனும் இவரும் இன்னும் சிலரும் சேர்ந்து ஐரிஷ் மகளிர் வாக்குரிமைக் கழகத்தைத் தொடங்கினார்கள். மார்கரெட்தான் பொருளாளர்.

1910இல் லண்டனில் பிரதமரிடம் மனு கொடுக்கப்போன பெண்களைப் போலீஸ் அடித்து விரட்டியது. ஏராளமானோர் கைதானார்கள். அதன்பின் அமைச்சர்கள் வீட்டு ஜன்னல்களை உடைப்பது என்று முடிவாயிற்று. மார்கரெட்டும் உடைத்தார். ஹாலோவே சிறையில் ஒரு மாதம். 1913இல் டப்ளின் கோட்டையின் கண்ணாடிகள். இம்முறை டல்லமோர் சிறை. அரசியல் கைதியாக நடத்து என்று உண்ணாவிரதம் இருந்தார். மனு, மறுப்பு, கல், சிறை, பட்டினி. மனு என்பது கெஞ்சுவதற்கான தாள் அல்ல, கணக்கில் வைத்துக்கொள்ளும் சீட்டு என்பதை அவர் இந்த வரிசையில் கற்றுக்கொண்டார்.

1913இல் தம்பதி அயர்லாந்தை விட்டு லிவர்பூலுக்குப் போனார்கள். ஜேம்ஸுக்கு அங்கே ஒரு சைவ உணவுத் தொழிற்சாலையில் வேலை. இருவரும் தீவிர சைவர்கள். 1915இல் அன்னி பெசன்டின் ‘நியூ இந்தியா’ பத்திரிகையில் ஜேம்ஸுக்கு வேலை கிடைத்து, அடையாற்றுக்கு வந்து சேர்ந்தார்கள்.

இங்கே கொஞ்சம் நின்று ஒன்றைச் சொல்ல வேண்டும். வெள்ளைத்தோல் என்றால் நமக்கு எல்லாரும் துரை, எல்லாரும் துரைசானி. லூயிஸ் தீவிலிருந்து வந்து நம் சுவடிகளையும் கல்வெட்டுப் படிகளையும் மலைமலையாகச் சேர்த்த காலின் மெக்கன்சியும், தர்சோவிலிருந்து வந்து கிறித்தவக் கல்லூரியை வளர்த்த வில்லியம் மில்லரும் ஸ்காட்லாந்துக்காரர்கள். பழைய சென்னையின் வங்கி, கல்லூரி, மிஷன், நில அளவை என்று எங்கு தொட்டாலும் ஒரு ஸ்காட்லாந்துப் பெயர் இடறும். அவர்கள் புலம்பெயர்ந்தவர்கள்தான், ஆனால் பேரரசின் வேலைக்கோ சபையின் வேலைக்கோ அமர்த்தப்பட்டு வந்தவர்கள். வேலை முடிந்ததும் ஊர் திரும்பலாம் என்ற ஏற்பாட்டுடன் வந்தவர்கள். சிலர் திரும்பவில்லை, மெக்கன்சி உட்பட. அவர்களுக்கு இங்கே சாலைப் பெயரும் சிலையும் ஆவணத் தொகுப்பும் உண்டு. அயர்லாந்திலிருந்து வந்த மார்கரெட்டுக்குப் பேரரசு என்பது ஏற்கெனவே தன்னைச் சிறையில் போட்ட ஒன்று. அவர் எடுத்து வந்த மூட்டை வேறு. 1916 ஈஸ்டர் எழுச்சியை ஆங்கில அரசு நசுக்கியபோது அவர்களுடைய நெருங்கிய நண்பர், ஹன்னாவின் கணவர் ஃபிரான்சிஸ், விசாரணையில்லாமல் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த எழுச்சியைப் பாராட்டி ‘நியூ இந்தியா’வில் எழுதியதற்காக ஜேம்ஸுக்கு வேலை போயிற்று. பெசன்ட் அவரை மதனப்பள்ளிக் கல்லூரிக்கு அனுப்பினார். மார்கரெட்டும் அங்கே ஆங்கிலம் கற்பித்தார்.

மதனப்பள்ளி அப்போது சென்னை மாகாணத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். அங்கே பெண்களைக் கூட்டி ஒரு சங்கம் அமைத்தார்கள். பெயர் ‘அபலா அபிவர்த்தினி சமாஜம்’. பலமற்றவர்களை மேம்படுத்தும் சபை! டப்ளினில் ஜன்னலை உடைத்துவிட்டு வந்த பெண் இந்தப் பெயரின் பொருளைக் கேட்டு என்ன நினைத்திருப்பார் என்று யோசித்துச் சிரித்திருக்கிறேன். ஆனால் அந்தச் சங்கத்தைப் பார்த்துத்தான் அடையாற்றின் டோரதி ஜினராஜதாசா இதேபோல் ஊருக்கு ஊர் வேண்டும், எல்லாவற்றையும் ஒரே வலையாகப் பின்ன வேண்டும் என்றார். 1917 மே 8 அன்று அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் பிறந்தது. பெசன்ட் தலைவர், மார்கரெட் செயலாளர்களில் ஒருவர். அம்மு சுவாமிநாதன் போன்ற சென்னைப் பெண்கள் தொடக்கத்திலிருந்தே உள்ளே இருந்தார்கள். பெயரில் ‘அபலா’ இல்லை.

அந்த ஆண்டு இறுதியில் இந்தியாவுக்கான அமைச்சர் எட்வின் மான்டேகு சென்னைக்கு வருகிறார். அரசியல் சீர்திருத்தம் குறித்து எல்லாத் தரப்பினரும் அவரைச் சந்திக்கிறார்கள். பெண்கல்வி பற்றிப் பேசப் பெண்கள் குழுவுக்கும் நேரம் வேண்டும் என்று மார்கரெட் எழுதுகிறார். அரசியல் தொடர்பான தூதுக்குழுக்களை மட்டுமே சந்திப்போம் என்று பதில் வருகிறது. எத்தனையோ கோரிக்கைகள் இப்படி ஓர் அலுவலகக் கடிதத்தில் செத்துப் போயிருக்கின்றன. மார்கரெட் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு வேறு கணக்குப் போட்டார். அரசியல்தான் வேண்டுமென்றால் அரசியலையே கேட்போம். மனுவில் வாக்குரிமை ஏறியது. சுயாட்சி கேட்கும் ஆவணங்கள் எல்லாம் ‘மக்கள்’ என்று பேசுகின்றன, அந்தச் சொல்லுக்குள் பெண்களும் உண்டு என்று எழுதுங்கள், ஆண்களுக்கு என்ன தகுதியோ அதே தகுதியில் எங்களுக்கும் வாக்கு, இதுதான் மனுவின் சாரம். அதே தகுதி. ‘ஈ’ அல்ல, ‘தா’.

1917 டிசம்பர் 18. சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு மான்டேகுவைச் சந்தித்தது. சந்திப்பைத் தன் நாட்குறிப்பில் எழுதிய மான்டேகு, மார்கரெட்டை லண்டனைச் சேர்ந்த பேர்பெற்ற வாக்குரிமைப் போராளி என்று குறித்தார். லண்டனில் அவர் இருந்தது பெரும்பாலும் சிறையில். அயர்லாந்துக்காரியை லண்டன்காரியாக்கிவிட்டால் கதை எளிதாகிறது அல்லவா? இந்தியப் பெண்களுக்கு இதெல்லாம் தோன்றாது, யாரோ வெளியிலிருந்து வந்து தூண்டிவிட்டார்கள் என்ற கதை. இன்றும் பல்கலைக்கழக வளாகங்களில் பெண்கள் எதையாவது கேட்டால் இந்தக் கதை உயிர்த்தெழும்.

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். 1918இல் வெளிவந்த சீர்திருத்த அறிக்கையில் பெண்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. வாக்குரிமையை ஆராய வந்த சவுத்பரோ குழு, இந்தியப் பெண்களுக்கு இன்னும் காலம் வரவில்லை என்றது. கூட்டங்கள், தந்திகள், தீர்மானங்கள், லண்டனுக்குப் போய்ச் சாட்சியம். கடைசியில் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அந்தந்த மாகாணச் சட்டமன்றமே முடிவு செய்துகொள்ளட்டும் என்று கை கழுவியது. 1921இல் சென்னைச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் சென்னைதான் முதல். நீதிக்கட்சி ஆட்சிக்கு இதில் பெருமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தீர்மானத்துக்கு முன் நான்கு ஆண்டுகள் தபால்தலை ஒட்டியவர்கள், கூட்டத்துக்கு நாற்காலி தேடியவர்கள், நிகழ்ச்சிக் குறிப்பு எழுதியவர்கள் யார் என்று கேட்டால் ‘வழங்கப்பட்டது’ என்ற வினை நிற்பதற்கு இடமில்லாமல் போகிறது.

வாக்களிக்கலாம் என்றானது, தேர்தலில் நிற்க 1926 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கதவு திறந்ததும் இருபத்து மூன்று வயது கமலாதேவி சட்டோபாத்யாயாவை நில் என்று தூண்டி, கூடவே பிரசாரத்துக்கும் அலைந்தவர் மார்கரெட். சொற்ப வாக்குகளில் கமலாதேவி தோற்றார். அடுத்து முத்துலட்சுமி ரெட்டி நியமன உறுப்பினராகச் சட்டமன்றத்துக்குள் நுழைந்து துணைத் தலைவரானார். அவரை முன்மொழிந்த அமைப்புகளில் மாதர் சங்கம் முதன்மையானது.

இந்த இடத்தில் நம்மைப் போன்ற வாசகர்களுக்கு ஒரு நெருடல் வர வேண்டும். வராவிட்டால் நாம் சரியாகப் படிக்கவில்லை. அதே தகுதி என்று கேட்டார்கள், சரி. ஆண்களுக்கு இருந்த தகுதி என்ன? சொத்து, வரி. சொத்தே பெண் பெயரில் இல்லாத சமூகத்தில் அந்தத் தகுதியில் வாக்குப் பெற்றவர்கள் மிகச் சிறு கூட்டம். மயிலாப்பூரின் வக்கீல் வீட்டு அம்மாளுக்குக் கூட அவர் பெயரில் பத்திரம் இருந்தால்தான் வாக்கு. அவர் வீட்டில் பாத்திரம் துலக்கியவரைப் பற்றிப் பேச்சே எழவில்லை. சங்கத்தின் பத்திரிகை பெயர் ‘ஸ்த்ரீ தர்ம’. 1918இலிருந்து ஆங்கிலத்தோடு தமிழ் முதலிய மொழிகளிலும் பகுதிகளுடன் வந்த முன்னோடி இதழ், சந்தேகமில்லை. ஆனால் வேதகாலத்தில் பெண் உயர்ந்திருந்தாள், இடையில் தாழ்ந்தாள், மீண்டும் அந்த உயரத்துக்குப் போக வேண்டும் என்ற பிரம்மஞான சபையின் கனவு அதன் பக்கங்களில் ஓடிக்கொண்டே இருக்கிறது. மார்கரெட்டும் அந்தக் கனவைக் கண்டவர்தான். அதே காலத்தில், அதே மாகாணத்தில், 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். மூவலூர் ராமாமிர்தம் அம்மையாருக்கும் குஞ்சிதம் குருசாமிக்கும் அந்தப் பொற்காலமே சிறைச்சுவராகத் தெரிந்தது. அடையாற்றுப் புல்வெளியிலிருந்து அது தெரியவில்லை.

1931இல் மாதர் அமைப்புகள் சேர்ந்து ஒரு கூட்டறிக்கை தந்தன. வயது வந்த எல்லாருக்கும் வாக்கு வேண்டும் என்றது. சொத்துத் தகுதி போயிற்று. இது பெரிய நகர்வு. ஆனால் அதே அறிக்கை பெண்களுக்கு இட ஒதுக்கீடு வேண்டாம், சலுகை வேண்டாம், சமத்துவம் போதும் என்றும் சொன்னது. சமமாக ஓடும் திடல் ஏற்கெனவே காலடியில் இருப்பவர்கள் பேசும் பேச்சு அது. பாராளுமன்றத்தில் மூன்றில் ஒரு பங்கு என்ற சட்டம் 2023இல்தான் நிறைவேறியது என்பதை நினைத்தால் அந்தப் பெருந்தன்மைக்கு நாம் தந்த விலை புரியும்.

இவ்வளவும் சொன்ன பிறகும் மார்கரெட்டை என்னால் கைவிட முடியவில்லை. அவரிடம் வேறு எந்தச் சீர்திருத்த வெள்ளையரிடமும் நான் அதிகம் காணாத ஒரு குணம் உண்டு. எங்கே நகர்ந்துகொள்ள வேண்டும் என்று தெரிந்தவர். 1927 ஜனவரியில் புனேயில் கூடிய அகில இந்திய மகளிர் மாநாடு அவர் எழுதிய அழைப்புக் கடிதங்களிலிருந்து முளைத்தது. 1931இல் லாகூரில் கூடிய ஆசிய மகளிர் மாநாட்டுக்கும் அவர்தான் வித்து. ஆசியப் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டும், எல்லா உரையாடலும் லண்டன் வழியாகவே போக வேண்டியதில்லை என்று ஓர் ஐரோப்பியப் பெண் நினைத்தது சாதாரணமல்ல. அமைத்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கினார். போராட்டத்தில் முன்னால் நிற்க மனம் ஏங்கியது, ஆனால் இந்தியப் பெண்கள் தலைமைக்கு வந்துகொண்டிருக்கையில் தன் நேரடிப் பங்கு தேவையுமில்லை, விரும்பப்படவுமில்லை என்று உணர்ந்ததாகத் தன்வரலாற்றில் எழுதுகிறார். அந்த ‘விரும்பப்படவுமில்லை’யை மறைக்காமல் எழுதியிருப்பது எனக்குப் பிடிக்கும். தியாகத் தொனி இல்லை. கொஞ்சம் வலி இருக்கிறது.

முன்வரிசை வேண்டாம் என்று ஒதுங்கியவர் சிறைக்கு மட்டும் ஒதுங்கவில்லை. மெரினாவில் பேசி வேலூருக்குப் போனது இந்தக் கட்டத்தில்தான். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பயணம் செய்து மேடைகளில் இந்தியாவுக்காகப் பேசிவிட்டுத் திரும்பியிருந்தார். இங்கே தெரிந்த பெண்கள் பலர் உள்ளே இருந்தார்கள். வேலூரில் காந்திக்கு ஆதரவாக உண்ணாவிரதமும் இருந்தார். டல்லமோரில் பட்டினி கிடந்தபோது வயது முப்பத்து நான்கு. வேலூரில் ஐம்பத்து நான்கு. விடுதலையான பிறகு 1936இல் அகில இந்திய மகளிர் மாநாடு அவரைத் தலைவராக்கியது.

1940களில் பக்கவாதம் வந்தது. பியானோ வாசித்த, ஆயிரக்கணக்கில் கடிதம் எழுதிய உடல் கட்டிலோடு நின்றது. சென்னை அரசும் பின்னர் நேருவும் பண உதவி செய்தார்கள். வாழ்நாள் முழுவதும் சங்கக் கணக்கை எழுதியவரிடம் சொந்தக் கணக்கில் எதுவும் இல்லை.

1950இல் சென்னை கணேஷ் நிறுவனம் அவர்களுடைய தன்வரலாற்றை வெளியிட்டது. ‘வீ டூ டுகெதர்’, நாங்கள் இருவரும் சேர்ந்து. கணவனும் மனைவியும் மாறி மாறி எழுதிய தடிமனான புத்தகம். ஜேம்ஸின் பகுதிகளில் கவிஞர்களும் ஓவியர்களும் நிறைய, வேகமாகப் புரட்டலாம். மார்கரெட்டின் பகுதிகளில் திடீரென்று ஒரு வெளிச்சம் விழும். திருமணமான முதல் ஆண்டில் தான் இளைத்து வெளுத்ததைப் பார்த்து, மாமிசம் சாப்பிடாததால்தான் இப்படி என்று ஊரார் பேசியதைச் சொல்கிறார். காரணம் அதுவல்ல, திருமணத்தின் உடல் சார்ந்த பக்கம் தெரியவந்த அதிர்ச்சி என்று எழுதுகிறார். எழுபது வயதில், கணவனோடு சேர்ந்து எழுதும் புத்தகத்தில், அச்சில். தமிழில் பெண்கள் உடலை எழுதியதற்காக வசைபட்ட காலத்தில் கவிதை எழுத வந்தவள் நான். அந்தப் பக்கத்தை முதலில் படித்தபோது பக்க எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல் 1951–52இல் நடந்தது. சொத்து, படிப்பு எதுவும் கேட்காமல், இருபத்தொரு வயதான எல்லாப் பெண்களுக்கும் வாக்கு. வாக்காளர் பட்டியல் தயாரித்தபோது பெண்கள் பலர், பெரும்பாலும் வட மாநிலங்களில், சொந்தப் பெயரைச் சொல்ல மறுத்தார்கள். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மட்டுமே பதிந்துகொள்ளச் சொன்னார்கள். தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவு நீக்கப்பட்டது. அந்தச் செய்தி வந்த காலத்தில் மார்கரெட் படுக்கையில் இருந்தார். 1954 மார்ச் 11 அன்று அடையாற்றில் காலமானார். இன்றைக்கும் சில நூற்பட்டியல்களில் அவரைத் தேடினால் மிஸஸ் ஜேம்ஸ் கசின்ஸ் என்றுதான் வருகிறது.